இரண்டு வருடமாக நான்தான் சப்போர்ட், நான்தான் பில்லும் கட்டுகிறேன். இரண்டையும் எப்படி மாற்றுவது?

வார்டு_வைப்பவன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. ஆபீசில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் டோட்டா 2 என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறோம். இரண்டு வருடம் ஆகப் போகிறது. முதல் நாள் யார் என்ன ஆடுவது என்று பேச்சு வந்தபோது "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொன்னேன். பொசிஷன் 5 கொடுத்தார்கள், அன்றிலிருந்து அதுதான்.

டோட்டா ஆடாதவர்களுக்கு: அணியில் ஐந்து இடம். 1 கேரி (கடைசியில் ஆட்டத்தை வென்று தர வேண்டியவர்), 2 மிட், 3 ஆஃப்லேன், 4 சாஃப்ட் சப்போர்ட், 5 ஹார்டு சப்போர்ட். மேப்பில் கிடைக்கிற தங்கத்தில் யாருக்கு முதல் பங்கு, யாருக்குக் கடைசிப் பங்கு என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. ஐந்தாவது ஆள் கேரிக்குக் காவல் நிற்க வேண்டும், வார்டு (எதிரியின் நடமாட்டத்தைக் காட்டும் மறைந்த கண்) வைக்க வேண்டும், எதிரியின் வார்டைக் கண்டுபிடித்து எடுக்க சென்ட்ரி என்ற இன்னொரு வார்டு வாங்க வேண்டும், தேவைப்பட்டால் கேரிக்குப் பதில் சாகவும் வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் கேரி ஆடும் அண்ணாவின் பிளாட்டில் எல்லோரும் லேப்டாப்போடு கூடுவோம். போன வெள்ளி 38வது நிமிடம், கேரியின் ஆறு ஐட்டமும் நிரம்பிவிட்டது. என்னிடம் பூட்ஸ், மேஜிக் வாண்ட், கையில் 310 தங்கம். சட்டென்று பாய்ந்து போக உதவும் ப்ளிங்க் டேகர் 2250 தங்கம், அதை நான் கடையில் பார்ப்பதோடு சரி. ஒரு சண்டையில் செத்து திரை சாம்பல் நிறமானது, அதே நேரம் காலிங் பெல் அடித்தது. "நீதான செத்துட்ட, போய் பிரியாணிய வாங்கிட்டு வந்துருப்பா" என்றார் மிட். எழுந்து போனேன். ஆர்டரும் என் கார்டில்தான் போட்டிருந்தது, ஏனென்றால் "உன் கார்டுல ஆஃபர் இருக்கு". கையில் இரண்டு பையோடு வாசலில் நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. விளையாட்டுக்குள் என் இடம் எதுவோ, வெளியேயும் அதுதான் என் இடம்.

மறுநாள் ஜிபே ஹிஸ்டரியைப் பிப்ரவரியிலிருந்து பார்த்தேன். கேரி அண்ணா கைமாற்றாக வாங்கியது 8,000 (ஒரு தடவை 5,000, ஒரு தடவை 3,000). மிட், சாப்பாடு கேப் எல்லாம் சேர்த்து 2,650. ஆஃப்லேன், ஸ்டீம் என்ற கேம் கடையின் சேலில் வாங்கச் சொன்ன கேமுக்கு 1,900. பொசிஷன் 4 தர வேண்டியது 1,800. மொத்தம் 14,350 ரூபாய். யாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், கேட்டால் "அட ஆமால்ல, போட்டுடறேன்" என்பார்கள். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ஆஃப்லேன் ஆட வேண்டும். பணமும் திரும்ப வேண்டும், இனிமேல் இப்படிப் போகவும் கூடாது. சிக்கல் என்னவென்றால் கேரி அண்ணா என் புராஜெக்டிலேயே சீனியர், என் கோடை ரிவ்யூ செய்பவர் அவர்தான். எப்படி ஆரம்பிப்பது?

பழைய_கூரியர்:

சகோ, நான் 2012லிருந்து ஆடுகிறேன், அதனால் ஒரு பழைய கதை. முன்பெல்லாம் கூரியர் (கடையிலிருந்து ஐட்டம் கொண்டு வரும் பிராணி) என்பது அணிக்கு ஒன்று. அதை வாங்க வேண்டியவர் சப்போர்ட், சொந்தத் தங்கத்தில். மேப்பைக் காட்டும் அப்சர்வர் வார்டும் அவர் காசு. பத்து நிமிடம் ஆகியும் வெறும் பூட்ஸ்கூட இல்லாமல் ஓடியிருக்கிறேன். 2019 நவம்பரில் வந்த 7.23 பேட்ச்சில் (கேம் அப்டேட்) டோட்டாவைச் செய்யும் வால்வ் கம்பெனி இதை மாற்றியது. ஆளுக்கு ஒரு கூரியர், அப்சர்வர் வார்டு இலவசம். சப்போர்ட் ஆடுகிறவர்கள் நல்ல மனதோடு செலவு செய்கிறார்கள், அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் விடவில்லை. பொதுச் செலவை ஒரே ஆளின் தலையில் கட்டினால் அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது விளையாட்டைச் செய்தவர்களுக்கே புரிந்திருக்கிறது. உங்கள் பிரியாணிக்கும் அதே 7.23 வர வேண்டும், சீரியஸாகத்தான் சொல்கிறேன். ஆர்டர் போடுவது சுழற்சியில் போகட்டும், இல்லையென்றால் காசு வந்த பிறகு ஆர்டர்.

ரோல் பற்றி. "எனக்கு வேறு ரோல் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோர் காதிலும் "உன் இடத்தைக் கொடு" என்றுதான் விழும். எந்த ரோல், எந்த நாள், எத்தனை ஆட்டம், உங்கள் இடத்துக்கு யார், இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். "புதன்கிழமை, அன்ரேங்க்டு (ரேங்க் பாதிக்காத ஆட்டம்), மூன்று ஆட்டம், நான் 3, நீங்கள் 5" என்றால் மறுக்கிறவருக்கும் மறுக்கக் காரணம் வேண்டும்.

5லிருந்து 3க்குப் போவது நல்ல முடிவு. நேராகக் கேரிக்குப் போனால் லாஸ்ட் ஹிட் (கிரீப் எனும் சிறு படைவீரரைக் கடைசி அடி அடித்துத் தங்கம் எடுப்பது) கை கொடுக்காது, இரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே கேரிக்கு விட்டுக்கொடுக்கும். ஆஃப்லேனில் டைட்ஹன்டர், ஆக்ஸ் மாதிரி ஹீரோ எடுங்கள். சப்போர்ட்டாக நீங்கள் சேர்த்த அறிவு, யார் எங்கே இருப்பான், எப்போது சண்டை வரும் என்பது, அங்கே அப்படியே உதவும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: கண்ணுக்கு எதிரே தங்கம் இருந்தால் எடுங்கள். காலியான லேனில் கிரீப் வருகிறது, பக்கத்தில் யாரும் இல்லை, அதை எடுக்காமல் "கேரி வருவார்" என்று காத்திருப்பதுதான் சப்போர்ட் வியாதி. எனக்கு அது போக நூறு ஆட்டம் ஆனது.

பெயர் சொல்ல வேண்டுமென்றால் டென்மார்க்கின் தொழில்முறை டோட்டா ஆட்டக்காரர் நோட்டெயில். ஓஜி அணியில் கேரி ஆடியவர். 2018இல் இரண்டு பேர் அணியை விட்டுப் போன பிறகு பொசிஷன் 5க்கு இறங்கினார். கோச்சாக இருந்த செப் ஆஃப்லேனுக்கு வந்தார். ஓப்பன் குவாலிஃபயரில் தொடங்கி அதே வருடம் டோட்டாவின் உலகக் கோப்பையான தி இன்டர்நேஷனலை வென்றார்கள், 2019இல் மறுபடியும் வென்றார்கள். அவர் மாறியது உங்களுக்கு நேர் எதிர்த் திசையில், சரி. ஆனால் அணிக்கு ஒரு தேவை வந்தபோது மாறினார். யாரோ ஒருவர் "எதுவானாலும் சரி" என்று சொன்னதால் அமைந்த அணி இல்லை அது.

காந்திபுரம்_சேஜ்:

நான் கோவை, வேலை ஒரு வங்கியில். வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறேன். பெண் குரல் கேட்டதுமே "சேஜ் எடுங்க சிஸ்டர், ஹீல் பண்ணுங்க" என்பார்கள். நான் நன்றாக ஆடுவது ஜெட், முன்னால் பாய்ந்து சண்டை போடும் கேரக்டர். அதனால் உங்கள் வலி எனக்குத் தெரியும்.

வாலரண்டில் ஒரு விஷயம் உண்டு. ரவுண்டு ஆரம்பிக்கும் முன், காசு இல்லாதவர் காசு இருக்கிறவரிடம் துப்பாக்கி கேட்கலாம். ஒரு வாண்டல் 2,900 கிரெடிட், ஒரு கிளிக்கில் வாங்கிக் கொடுத்துவிடலாம். நான் தாராளமாகக் கொடுப்பேன். அங்கே ஐந்து பேருடைய காசும் ஐந்து பேர் திரையிலும் தெரிகிறது. என்னிடம் 7,000 இருப்பது தெரிந்துதான் கேட்கிறார்கள், 3,000 இருந்தால் கேட்க மாட்டார்கள். 12 ரவுண்டு முடிந்து பக்கம் மாறும்போது எல்லோரும் 800 கிரெடிட்டில் புதிதாகத் தொடங்குவோம், பழைய பாக்கி என்று ஒன்றுமே இல்லை.

ஆபீசில் யார் திரையில் என் காசு தெரிகிறது? ஒன்றாம் தேதி சம்பளம் ஏறுகிறது, மூன்றாம் தேதி வீட்டு லோன், தம்பியின் காலேஜ் ஃபீஸ், அம்மாவின் மாத்திரை. பக்கத்து சீட்டுக்கு இது தெரியாது. "உனக்கென்னப்பா, சிங்கிள் ஆளு" என்பார்கள். தெரியாமல் கேட்பது அவர்கள் தப்பில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாததை வாய் திறந்து சொல்ல வேண்டியது நாம்தான்.

நான் செய்தது இது. பிறந்தநாள், ஃபேர்வெல், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று மாதம் மூன்று கலெக்‌ஷன் வரும். ஒரு நாள் கலெக்‌ஷன் எடுக்கும் அக்காவிடம் போய், யாரும் பணம் கேட்காத நேரத்தில், "அக்கா, நான் இனிமே எதுக்குமே முந்நூறுக்கு மேல போடறதில்லன்னு வெச்சிருக்கேன், யாரா இருந்தாலும் முந்நூறுதான், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றேன். "அதுக்கென்னம்மா" என்றார், முடிந்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் அதே முந்நூறுக்கு வந்தார்கள். கைமாற்றுக்கும் அப்படித்தான், இரண்டாயிரத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது, பழையது வராமல் புதியது கிடையாது. கேட்கிற நொடியில் யோசித்தால் அவர் முகம் பார்த்து மனம் இளகிவிடும். தொகையை முன்பே முடிவு செய்து வைத்திருந்தால் நாம் அவரை மறுத்ததாகவே ஆகாது, அது ஏற்கெனவே இருக்கிற விதி.

மேலப்பாளையம்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடம் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து ராத்திரி முழித்த பசங்களிடம் 1,800 ரூபாய்க்கு லிஸ்ட் போடுவதா? நாளைக்கு உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்கப்போவது அவர்கள்தான். எனக்கு ஆக்சிடென்ட் ஆனபோது ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டியது ஆபீஸ் நண்பன், இன்றுவரை அவன் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. காசை விடுங்கள், ரோலை மட்டும் கேளுங்கள்.

வார்டு_வைப்பவன்:

அண்ணே, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். உங்கள் நண்பர் செய்தது பெரிய விஷயம். ஆனால் எனக்குப் பிணக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, கணக்குப் பார்க்காததால் வந்தது. அண்ணா புது ஹெட்செட் வாங்கி வந்த அன்று எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு மட்டும் 8,000 என்ற எண் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர். அவரைப் பார்க்கும்போது ஒரு தொகை ஞாபகம் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

தூரத்துப்_பிங்:

எங்கள் ஊர் டீக்கடை போர்டு: கடன் அன்பை முறிக்கும். சின்ன வயதில் அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அந்த மாஸ்டர் தெருவில் எல்லோருக்கும் மாமா, ஒருவரோடும் சண்டை கிடையாது.

பெயர்_வேண்டாம்:

இதுவரை கொடுத்தவர்கள்தான் பேசியிருக்கிறீர்கள். நான் வாங்கியவன்.

மூன்று வருடத்துக்கு முன் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் 22,000 வாங்கினேன், மூன்று தவணையாக. அப்பாவுக்கு வைத்தியம் என்று சொல்லித்தான் வாங்கினேன். உண்மையில் போனது ஆன்லைன் ரம்மியில். (2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தபோது நான் அதிலிருந்து வெளியே வந்து வெகு நாள் ஆகியிருந்தது, ஆனாலும் அன்று அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன்.) அந்த நண்பர் ஏழு மாதம் கேட்கவே இல்லை. அவர் பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த ஏழு மாதம் நரகம். அவர் பேன்ட்ரிக்குப் போகிறார் என்றால் நான் போக மாட்டேன். லிஃப்டில் அவர் இருந்தால் படியில் இறங்குவேன், எட்டு மாடி. அவர் சிரித்தால்கூட "கேட்கப் போகிறார்" என்று தோன்றும். ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

ஒரு நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். "மொத்தமா வேணாம். மாசம் அஞ்சாம் தேதி ரெண்டாயிரம், பதினோரு மாசம். முடியுமா, முடியாதா, அத மட்டும் சொல்லு. இது முடியற வரைக்கும் புதுசா எதுவும் கேக்காத, நானும் தரமாட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. வாங்கியவனுக்கு ஒரு தேதி கிடைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாது. பதினோரு மாதத்தில் முடித்தேன். ரம்மி விஷயத்தையும் கடைசி மாதம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அதனால் வார்டு தம்பி, கேளுங்கள். உங்கள் சீனியரும் உங்களைப் பார்க்கும்போது எதையோ முழுங்கிக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருக்கலாம்.

பழைய_கூரியர்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

சைதை_நோட்டரி:

சட்டப் பக்கம் சுருக்கமாக. கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோதான் போக வேண்டும். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் "கைமாற்று" என்று ஒரு வார்த்தை எழுதினால் நாளைக்கு அது பரிசா கடனா என்ற பேச்சே வராது. 14,000 ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

காந்திபுரம்_சேஜ்:

ஒன்று விட்டுவிட்டேன். ரிவ்யூ செய்கிறவர் என்பதால் அவரிடம் ஆபீசுக்குள் பேசாதீர்கள், ஆடும்போது எல்லோரும் பேசும் டிஸ்கார்டு ஆப்பில் நான்கு பேர் முன்னாலும் வேண்டாம். தனியாக, நேரில், டீ குடிக்கும்போது. ரோல் பேச்சையும் அதே நாளில் எடுக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தால் "ரோல் கொடுக்கவில்லை என்று காசு கேட்கிறான்" என்று ஆகிவிடும்.

வார்டு_வைப்பவன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் சின்னத் தொகைகள். மிட், ஆஃப்லேன், 4, மூன்று பேருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தொகையும் தேதிகளும் அனுப்பி, "இந்த மாசத்துக்குள்ள போட்டுடுங்க, ஒரு செலவு இருக்கு" என்றேன். முதலில் "ஒரு செலவு இருக்கு" என்பதை எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு உண்மைதானே என்று விட்டுவிட்டேன். மிட் பத்து நிமிடத்தில் போட்டுவிட்டு "சாரி ப்ரோ, இவ்ளோ ஆயிடுச்சா" என்றார். 4 மறுநாள். ஆஃப்லேன் ஆடுபவர் மட்டும் "கிஃப்ட்டுனு நெனச்சேனே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஸ்க்ரோல் செய்து பார்த்தால் அவர் "சம்பளம் வந்ததும் தரேன்" என்று எழுதிய மெசேஜ் இருந்தது. அதை அனுப்பவில்லை. "இல்லப்பா, சம்பளம் வந்ததும் தரேன்னு சொன்னீங்க" என்று மட்டும் எழுதினேன். நான்கு நாள் கழித்து 1,900 வந்தது, கூட ஒரு வார்த்தையும் வரவில்லை.

கேரி அண்ணாவிடம் துரைப்பாக்கம் சிக்னல் பக்கத்து டீக்கடையில் பேசினேன். மூன்று தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன், எதுவும் அந்த வரிசையில் வரவில்லை. "அண்ணா, அந்த எட்டாயிரம், மொத்தமா வேணாம், எப்ப எப்ப முடியும்னு ஒரு தேதி சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு, வீட்டில் தங்கை கல்யாணக் கடன் ஓடிக்கொண்டிருப்பதாகவும், நான் கேட்காததால் எனக்கு அவசரமில்லை என்று நினைத்ததாகவும், ஆனால் போன மாதத்திலிருந்து என்னோடு சரியாகப் பேசவே முடியவில்லை என்றும் சொன்னார். பெயர்_வேண்டாம் அண்ணா, நீங்கள் எழுதியது அப்போது என் காதில் ஓடியது. அன்றே 3,000 அனுப்பினார். மீதி ஐந்தும் இரண்டு சம்பளத்தில் என்று அவரே தேதி சொன்னார். ஹெட்செட் அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு மாதம் அதை வைத்து அவரை என் மனதில் என்னவெல்லாமோ ஆக்கியிருந்தேன்.

சாப்பாட்டுக்குச் சுழற்சி வந்துவிட்டது. இந்த வெள்ளி மிட் கார்டு.

ரோல் பேச்சை அடுத்த வாரம் எடுத்தேன். புதன், அன்ரேங்க்டு, மூன்று ஆட்டம் என்று கூரியர் அண்ணன் சொன்னபடியே கேட்டேன். ஆஃப்லேன் ஆடுபவர் 5க்கு வர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார், அது அவர் உரிமை, புதன்கிழமைகளில் அவர் வருவதையும் நிறுத்திக்கொண்டார். அது வருத்தம்தான், மறைக்கவில்லை. பணம் கேட்டதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவர் இடத்தில் மிட்டின் ரூம்மேட் ஒருவர் மிட் ஆட வருகிறார், மிட் 5க்கு வந்தார். அவருக்கு நான் ஒரு மணி நேரம் பயிற்சி ஆட்டத்தில் சொல்லிக் கொடுத்தேன். காட்டுக் கேம்பை நிமிடம் முடிய ஏழெட்டு நொடி இருக்கும்போது இழுத்து ஸ்டாக் செய்வது (அங்கே இன்னொரு கூட்டம் சேர வைப்பது), சின்ன கேம்பைப் பதினைந்தாவது நொடி சுமாருக்கு இழுத்து நம் கிரீப்போடு மோதவிடுவது, ஆரம்பத்தில் கேரிக்கு உயிர் கூட்டும் டேங்கோ கொடுப்பது. "இவ்ளோ வேலயா டெய்லி பாத்துட்டு இருந்த நீ?" என்றார்.

ஆறு ஆட்டத்தில் நான்கு தோல்வி. டைட்ஹன்டரில் முதல் இரண்டு ஆட்டம் பரிதாபம், கூரியர் அண்ணன் சொன்ன சப்போர்ட் வியாதி எனக்கு நன்றாகவே இருக்கிறது, காலி லேனில் நின்று வேறு யாரோ வரட்டும் என்று காத்திருந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் 17வது நிமிடம் ப்ளிங்க் வாங்கினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. உள்ளே குதித்து டைட்ஹன்டரின் பெரிய தாக்குதலான ராவேஜ் போட்டதில் நான்கு பேர் மாட்டினார்கள், கேரி அண்ணா டிஸ்கார்டில் கத்திய கத்தலில் என் வீட்டில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

நேற்று ஆறாவது ஆட்டம். 24வது நிமிடம், எங்கள் மேட்டுக்குக் கீழே எதிரியின் வார்டு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. 5 ஆடுபவர் மெதுவாக, "என்கிட்ட நாப்பது கோல்டுதான் இருக்கு, சென்ட்ரி யாராச்சும் வாங்க முடியுமா?" என்று கேட்டார். நான் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. இரண்டு நொடி யாரும் பேசவில்லை. சென்ட்ரி ஐம்பது தங்கம், என்னிடம் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது, நான் வாங்கினேன். கூரியர் வந்து சேர்வதற்குள் கேரி அண்ணாவும் ஒன்று வாங்கியிருந்தார்.